வால்வுக்குக் கீழே ஆறு புள்ளி நாலு

ஜூலை 2, புதன்

குற்றாலநாதன் இன்று வேலையில் சேர்ந்தான். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு மேனேஜர். என் மனைவி கோமதியின் தங்கை உலகுவைக் கட்டியவன், எனக்குச் சகலை, என்னைவிட நான்கு வயது இளையவன். இந்த அனல்மின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய்களை அளந்துகொண்டிருப்பவன் நான். அந்த நாற்காலி பதினோரு மாதமாகக் காலியாகக் கிடந்தது. யாருக்கு என்று தூத்துக்குடிக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், "மாப்ள, சின்னவரு ஓமான்ல இருந்து வந்துட்டாரு, ஒங்க கம்பெனியில ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று மாமனார் கேட்டதும் அவனுடைய பயோடேட்டாவை பிரிண்ட் எடுத்து ஹெச்.ஆரில் கொடுத்ததே நான்தான். ப்ராஜெக்ட் பக்கம் எங்காவது போடுவார்கள் என்று நினைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

எல்லார் முன்னாலும் என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். நான் "சார்" என்றேன். ஆபீஸ் ஆபீஸ்தான்.

எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. டிப்ளமோக்காரனுக்கு மேனேஜர் பதவி தருவதில்லை என்று ஒரு கொள்கை இருந்தால் முன்பே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

தென்காசி, மாமனார் வீடு. சின்ன மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்குத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. இந்த வீட்டில் பதினெட்டு வருடமாக முதல் இலை எனக்குத்தான். மூத்த மாப்பிள்ளைக்குப் பரிமாறிய பிறகுதான் மற்றவர்களுக்கு. இன்று அத்தை சொதிப் பாத்திரத்தோடு நேரே நாதன் பக்கம் போனார்கள். "ஓமான்ல இதெல்லாம் எங்க கெடச்சிருக்கும், நல்லா ஊத்திக்கிடுங்க" என்று இரண்டு கரண்டி. அப்புறம்தான் எனக்கு.

அவன் உடனே, "அத்தை, அண்ணாச்சிக்கு மொதல்ல வைங்க" என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் சொன்ன பிறகு எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள்.

இஞ்சிப் பச்சடியில் உப்புக் கம்மி.

ஜூலை 10, வியாழன்

இரண்டாம் யூனிட் ஷட்டவுன் தொடங்கியது. ஆடிக் காற்றுக்கு முன்னோட்டமாகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. காற்றாலைக்காரர்கள் மின்சாரத்தைக் கொட்டுகிற இந்தப் பருவத்தில்தான் எங்களுக்கு ஓய்வும் பழுதுபார்ப்பும். பத்து நாள். இருபதாம் தேதி, ஞாயிறு, மறுபடி பாய்லர் பற்றவைக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

காலை மீட்டிங்கில் என் மூக்கை உடைத்தான். மரியாதையாகத்தான் உடைத்தான்.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் லைனில் எனக்கு நாற்பத்தாறு ஜன்னல் உண்டு. குழாய் முழுவதும் சூடு போகாமல் கம்பளி சுற்றி அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். அளக்கிற இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தகட்டை வெட்டி மூடி போட்டிருக்கும். திறந்தால் வெள்ளைப் பெயின்டில் ஒரு வட்டம், அதில் ஒரு எண். கிரீஸ் தடவி ப்ரோபை வைத்தால் இரும்பு எத்தனை மில்லி மிச்சம் என்று கேஜ் காட்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த நாற்பத்தாறு இடங்களையும் தேர்ந்தெடுத்து என் கையால் வட்டம் போட்டேன். ஒவ்வொரு ஷட்டவுனிலும் அதே வட்டத்தில் அளக்கிறோம். பதினாலு மில்லிக் குழாய், இன்றைக்கும் எங்கேயும் பதின்மூன்றுக்குக் கீழே போகவில்லை.

நாதன் சொன்னான்: "அண்ணாச்சி ஜன்னல் எல்லாம் வளைவுல இருக்கு. கன்ட்ரோல் வால்வ விட்டு தண்ணி வெளிய வாற நேர்க்குழாயில ஒண்ணுகூட இல்ல. அங்கதான் தண்ணி சுழிக்கும். உள்ள இரும்பக் காக்குற கருப்புப் படலத்த அந்தச் சுழிப்பு கரைச்சிரும்."

"பாய்லர் தண்ணீல உப்பே கெடையாதே, எப்பிடி அரிக்கும்?" என்று ஜி.எம். கேட்டார்.

"உப்பில்லாத தண்ணிதான் சார் பசியோட இருக்கும். இரும்பத் தின்னும்."

ஜி.எம். அதை டைரியில் குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொண்டதில்லை.

"பதினோரு வருச ரீடிங் இருக்கு சார். புது ஜன்னலுக்கு அவசியம் இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நாதன், "சரி அண்ணாச்சி, நீங்க ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க" என்று விட்டுவிட்டான். அந்த விட்டுக்கொடுப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

மத்தியானத்துக்கு மேல் தனியாகப் போனேன். ஆட்கள் குறைவு. அவன் சொன்னது தவறு என்று நாலு எண்ணில் காட்டிவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்கில் பேச்சு முடிந்தது என்ற எண்ணம்தான்.

சாரத்தில் ஏறி, வால்வுக்கு அடுத்த தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். கம்பளியை விலக்கி, இரும்பைத் துடைத்து, கிரீஸ் வைத்தேன். மேலே பன்னிரண்டு புள்ளி எட்டு. சிரிப்பு வந்தது. பக்கவாட்டில் பதினொன்று. சிரிப்பு நின்றது. கீழே, குழாயின் அடிவயிற்றில், ஆறு புள்ளி நாலு.

கேஜ் கெட்டுவிட்டது என்று நினைத்து, சோதனைக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். கட்டையின் பத்து மில்லிப் படியில் பத்து காட்டியது. மறுபடியும் குழாயில் வைத்தேன். ஆறு புள்ளி நாலு. ஒரு விரல் தள்ளி ஆறு புள்ளி ஆறு. இன்னொரு விரல் தள்ளி ஆறு புள்ளி ஒன்பது. ஒன்பதரைக்குக் கீழே போனால் அந்தக் குழாயில் அழுத்தம் ஏற்றக் கூடாது. நூறு கிலோவுக்கு மேல் அழுத்தத்தில், கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர் அதற்குள் ஓடுகிறது. கிழிந்தால் வெளியே வருவது தண்ணீராக இருக்காது, அத்தனையும் நீராவிதான். பக்கத்தில் நிற்பவனை அடையாளம் சொல்ல முடியாது.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நாதனின் முகம். "பாத்தீயளா அண்ணாச்சி" என்று சொல்லக்கூட மாட்டான். சொல்லாமல் தலையாட்டுவான். ஜி.எம். இன்னொரு வரி குறித்துக்கொள்வார்.

குறைந்த ரீடிங் கண்டால் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுத வேண்டும், மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது.

கம்பளியை மூடித் தகட்டைத் திருகிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதலாம்.

ஜூலை 14, திங்கள்

எழுதவில்லை. டர்பைன் பக்கம் வேலை அதிகம்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லிவிட முடியாது. இரும்புக்கு நடுவில் வார்ப்பிலேயே ஒரு பிளவு இருந்தாலும் கேஜ் பாதித் தடிமன்தான் காட்டும். அப்படி இருக்கலாம். (மூன்று இடத்திலும் அப்படி இருக்குமா என்று நானே கேட்டுக்கொண்டேன். பதில் எழுதவில்லை.)

மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது நாதன் கேட்டான்: "அந்த வால்வு பக்கம் ஏதும் பாத்தீயளா அண்ணாச்சி?"

"நேரம் இருந்தா பாக்கேன் சார்."

"பாருங்க அண்ணாச்சி. நீங்க பாத்து என்ன சொல்லுதீயளோ அதுதான்" என்றான். நக்கலா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

ஜூலை 16, புதன்

வீட்டுக்கு வந்தால் அடுக்களைக் குழாய் ஒழுகவில்லை. ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாதன் வந்தாவ. உலகு அடை கொடுத்துவிட்டிருந்தா. குழாயப் பாத்துட்டு, வாசர் தேஞ்சிருக்கு மதினின்னு சொல்லி அஞ்சு நிமிசத்துல மாத்திட்டாவ" என்றாள் கோமதி. "நானும் ஒரு மாசமா ஒங்ககிட்ட சொல்லிட்டுதான இருக்கேன்."

"நான் என்ன பிளம்பராட்டி?"

"ஊரு குழாயெல்லாம் அளக்கீய. வீட்டுக் குழாய்க்கு அடுத்த ஆளு வரணும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அடையைத் தொடவில்லை. வயிறு எரிந்தது என்றால் உண்மையிலேயே எரிந்தது, ஜெலுசில் குடித்தேன்.

ஜூலை 17, வியாழன்

பாய்லர் பற்றவைக்க இன்னும் மூன்று நாள்.

ஜூலை 18, வெள்ளி

ஃபீட் ஸ்டேஷன் ஆபரேட்டர் ஜெபமணி தன் ஸ்டூலைக் கொண்டுவந்து மேடையில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வால்வுக்கு நேர் கீழே.

"ஏன் இங்க போடுதீரு? தள்ளிப் போடும்" என்றேன்.

"இங்க ஒக்காந்தாத்தான் சார் ரெண்டு மீட்டரும் கண்ணுக்குத் தெரியும். எட்டு மணி நேரமும் நின்னுகிட்டே இருக்க முடியுமா? போன வருசம் முழுக்க இதே எடந்தான்."

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தந்தார். மகளுக்குப் பாளையங்கோட்டையில் நர்சிங் சீட் கிடைத்ததைச் சொன்னார். தலைக்கு மேலே இரண்டு முழத்தில் அந்தத் தகடு. டீயைக் கீழே வைத்துவிட்டேன். போன வருடம் முழுக்க இந்த மனுஷன் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறார், நான் வளைவுகளில் வட்டம் வட்டமாக அளந்துகொண்டு பதின்மூன்று பதின்மூன்று என்று எழுதியிருக்கிறேன்.

நேரே நாதன் அறைக்குப் போயிருக்க வேண்டும். அறையில் ஜி.எம். உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். நாளைக் காலை கட்டாயம்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

காலை எட்டரைக்கு அவன் அறையில். "இன்னைக்குக் காலையில வால்வு பக்கம் தகட்டக் கழத்திப் பாத்தேன் சார். ஆறு புள்ளி நாலு வருது." இன்றைக்குக் காலையில் என்ற பொய்யை முந்தின நாளே தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"நல்ல நேரத்துல பிடிச்சீய அண்ணாச்சி" என்று எழுந்து என் கையைப் பிடித்தான். ரெஜிஸ்டரை எடுத்து, சிவப்பு மையில் என் பெயரோடு அவனே எழுதினான்: ஜூலை 19, கண்டறிந்தவர் தளவாய். கீழே கையெழுத்தும் போட்டான். ஜி.எம்முக்கு போன் போட்டு, பற்றவைப்பதை இரண்டு நாள் தள்ளச் சொன்னான். என் பெயரை மூன்று முறை சொன்னான்.

மாற்றுக் குழாய் எடுக்க நானே ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரர், "அதான் எடுத்து வச்சாச்சே சார்" என்று ஓரமாகக் கிடந்ததைக் காட்டினார். ஆறு இஞ்ச் குழாய் ஒன்றரை மீட்டர், எல்போ வளைவு ஒன்று. வால்விலிருந்து வளைவு வரைக்கும் சரியான அளவு. சீட்டில் நாதன் கையெழுத்து. தேதி ஜூலை 14.

திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ அவன்தான் தப்புச் செய்தது போல. "திங்கக்கெழம காலையில மேல ஏறுனேன். ஸ்க்ரூ புதுசாத் திருகியிருந்துச்சு, கிரீஸ் இருந்துச்சு. நானும் வச்சுப் பாத்தேன். நீங்க பாத்திருக்கீயன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன் அண்ணாச்சி. சொல்லாட்டாலும் பாய்லர் பத்தவைக்கிற பெர்மிட்ல நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்."

"அஞ்சு நாளா?"

"பதினோரு வருசம் நீங்க பாத்த லைன். நான் வந்து பத்து நாள்ல கண்டுபிடிச்சேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? விடுங்க. மதினிக்கும் தெரிய வேண்டாம், உலகுவுக்கும் தெரிய வேண்டாம்."

என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். பிச்சை போட்டுவிட்டான்.

ஜூலை 21, திங்கள்

வெட்டியெடுத்த குழாயை இரண்டாகப் பிளந்து ஜி.எம். அறை வாசலில் வைத்திருக்கிறார்கள். உள்ளே, கடற்கரையில் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் நிற்குமே, அப்படி வரி வரியாக அரித்திருக்கிறது. ஒரு இடத்தில் நாலு மில்லிதான் மிச்சம். அதை நானும் பிடிக்கவில்லை, அவனும் பிடிக்கவில்லை.

நோட்டீஸ் போர்டில் எனக்குப் பாராட்டுக் கடிதம். ஜெபமணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

யூனிட் பற்றவைத்தாயிற்று. புதுக் குழாய்க்கு நாதன் மூன்று ஜன்னல் வைத்து, வட்டம் போட என்னைக் கூப்பிட்டான். போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

தென்காசி. இந்தத் தடவை எனக்காகச் சொதி. கோமதி பாராட்டுக் கடிதத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை சத்தமாக வாசித்தார். அத்தை முதல் இலைக்கு நேரே என்னிடம் வந்தார்கள். நாதன் எதிர் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான் இல்லன்னா என்னா ஆயிருக்கும்" என்று உலகு சொன்னாள். அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவே இல்லை. நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு துளி இளக்காரம் இருந்திருந்தால்கூட என்னால் சாப்பிட முடிந்திருக்கும். இல்லவே இல்லை.

ஆக, என் பெயர் அவன் கொடுத்தது, கடிதம் அவன் கொடுத்தது, இந்தச் சோறும் அவன் கொடுத்தது. படிப்பில் முந்தினான், பதவியில் முந்தினான், போகட்டும். நல்லவன் என்பதிலும் அவன்தான் முந்த வேண்டுமா? இனி சாகிறவரைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த மனுஷன் முன்னால் நான் இலை போட்டு உட்கார வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

ஜி.எம்மிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

காலை முதல் வேலையாகப் போனேன். பாராட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தேன். "பதின்மூணாம் தேதி ஞாயித்துக்கெழம அளந்தேன் சார். பத்தொம்பதாம் தேதிதான் சொன்னேன். நடுவுல மறச்சது நான்தான்." ஏன் என்று கேட்டார். "பொறாமை சார்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் இவ்வளவு நேர்மையாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். "நாதனுக்கு எப்ப தெரியும்?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "பதினாலாம் தேதி சார். ஸ்டோர் சீட்டு இருக்கு."

இதையும் டைரியில் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஜூலை 30, புதன்

எனக்கு மெமோ, ஒரு இன்க்ரிமென்ட் வெட்டு, ஸ்டோருக்கு மாற்றம். எதிர்பார்த்ததுதான். நிரந்தர வேலைக்காரனை அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

நாதனுக்கு ரெஜிஸ்டரில் பொய்த் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்ட குற்றம். சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, ப்ரொபேஷன். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட காரணத்தோடு வெளியே போனவனை இன்னொரு ஆலையில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுக்க மாட்டார்கள்.

ஜெபமணி இன்று என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாதன் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து சொல்லிவிட்டுப் போனான். வாசலிலேயே நின்றான். "நீங்க உண்மையத்தான சொன்னீய அண்ணாச்சி. தேதிய மாத்தி எழுதுனது என் தப்பு" என்றான். உலகு ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து நாலு வாரம்தான் ஆகிறது.

ஆட்டோ போன பிறகும் கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கேன். அவியளுக்கு வேல போகும்னு தெரிஞ்சா சொன்னீய?"

"அதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? நான் என் தப்பத்தான் சொன்னேன்."

"அப்பிடியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தட்டில் சோறு வைத்து மூடியிருக்கிறாள்.

ப்ரொபேஷனில் இருப்பவனை விசாரணை இல்லாமல் அனுப்பலாம். ரெஜிஸ்டரில் பொய் எழுதினால் மேனேஜருக்குத்தான் முதல் தண்டனை. இரண்டும் எங்கள் விதிப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து வந்ததும் எடுத்து வாசித்தேன். மறுநாள் காலையில்தான் ஜி.எம். அறைக்குப் போனேன்.